சவ்வு பிரிக்கும், உப்பு எங்கே போகும்?

சாயப்பட்டறை வைத்து நடத்தும் நெசவாளர் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டும்போது, ஒரே விதமான தீர்மானம் ஒன்று திரும்பத் திரும்ப நம் கண்ணிற் படுகிறது. சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்க ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதென்றும், அதற்குரிய தொகையைக் கடனாகப் பெறுவதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டதாக இரண்டு வரியில் அது முடிந்துவிடும். இயந்திரம் நீரிலிருந்து பிரித்தெடுக்கும் உப்பை எங்கே வைப்பது, அதனுள் இருக்கும் சவ்வு தேய்ந்துபோனால் மாற்றுச் சவ்வு வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற இரு கேள்விகளுக்கும் அத்தீர்மானத்தில் இடமே இருப்பதில்லை. நாற்பது ரூபாய்க்குக் கயிறு வாங்கினாலும் சீட்டு எங்கே என்று கேட்கும் நம் அங்கத்தினர்கள், இதில் மட்டும் வாய் திறவாதிருப்பது நமக்கு வியப்பளிக்கிறது.

சவ்வு இயந்திரத்துக்கு நாம் விரோதியல்லோம். இந்த நூற்றாண்டில் நெசவாளனுக்கும் குடியானவனுக்கும் ஒரே சமயத்தில் உதவக்கூடிய சாதனங்களில் அதற்குச் சிறப்பான இடம் உண்டு என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறியாமல் வாங்கப்படும் இயந்திரம், சங்கத்தின் கணக்கிலும் ஊரின் கிணற்றிலும் ஒருங்கே நஷ்டத்தை எழுதிவிடும். ஆதலின் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

சாயத்தொட்டியில் உப்பு ஏன் சேருகிறது என்பது பட்டறையில் நிற்பவருக்குத் தெரியும். தறியில் அமர்ந்திருப்பவர் எல்லோருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. பருத்தி நூல் நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை அடைகிறது. இன்று பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் நீரில் எதிர்மின் தன்மை உடையவையே. ஒத்த தன்மையுடைய இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலகலைத் தணித்துச் சாயத்தை நூலின்பால் தள்ளுவதற்காகவே சாதாரண உப்பையோ கிளாபர் உப்பையோ, லிட்டருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை, சாயத்தின் அடர்த்திக்கேற்பக் கொட்டுகிறோம். பின்னர் சோடா ஆஷ் சேர்த்ததும் சாயம் நூலோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. இங்கே கவனிக்கற்பாலது யாதெனில், உப்பு இந்த வேலையில் செலவாவதே இல்லை. திருமணத்துக்கு வந்த தரகர் போல, காரியத்தை முடித்து வைத்துவிட்டுத் தான் வந்தபடியே வெளியேறுகிறது. சாயத்திலும் ஒரு பகுதி நூலில் ஏறாமல் நீரோடு போய்விடுகிறது. நிறத்தை நீக்கச் சுண்ணாம்பு, படிகாரம், நுண்ணுயிர்த் தொட்டி முதலிய பல வழிகள் உண்டு. கரைந்த உப்பை அவை எதுவும் தொடுவதில்லை. கழிவு நீர் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது என்று சொல்லி வாய்க்காலில் திறந்துவிடுபவர்கள், கண்ணுக்குத் தெரியும் குற்றத்தை நீக்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாததை அனுப்புகிறார்கள்.

கரைந்த உப்பைப் பிரிக்க இரண்டே வழிகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, நீரைக் காய்ச்சி ஆவியாக்குவது. மற்றொன்று, நீரை மட்டும் தன்னுள் புகவிட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய ஏட்டின் வழியே அழுத்திச் செலுத்துவது. அந்த ஏட்டைத்தான் சவ்வு என்கிறோம்.

சவ்வின் கதை மிகப் பழையது. 1748-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் நொல்லே என்ற பாதிரியார், சாராயச் சத்து நிரம்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் நீர்ப்பையால் கட்டி நீரில் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் வெளியிலிருந்த நீர் உள்ளே புகுந்து அந்தத் தோல் பந்து போல் உப்பிற்று. நீர் உள்ளே சென்ற வேகத்தில் சாராயம் வெளியே வரவில்லை. ஒரு பொருளை அனுமதித்து மற்றொன்றைத் தடுக்கும் குணம் அந்த ஏட்டில் இருப்பது அன்று வெளிப்பட்டது. 1861-இல் தாமஸ் கிரகாம் என்ற விஞ்ஞானி தோல்தாள் வழியே உப்பு போன்ற பொருள்கள் எளிதிற் செல்வதையும் பசை போன்றவை தங்கிவிடுவதையும் ஆராய்ந்தார். 1917-இல் அமெரிக்காவில் கோபர் என்பவருடைய ஆராய்ச்சிச் சாலையில், வாய் இறுகக் கட்டிக் காற்றில் தொங்கவிடப்பட்டிருந்த ஒரு கொலோடியன் பையிலிருந்து நீர் குறைந்துகொண்டே வந்தது. பையின் சுவர் வழியே ஊறி, மறுபுறத்தில் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சவ்வினூடே ஆவியாதல் என்னும் பொருளில் அதற்கு அவர் ஒரு பெயரும் இட்டார். அதைப் பற்றிக் கரும்பு பயிரிடுவோருக்குப் பின்னர் ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறோம்.

இங்கே நெசவாளர்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. கடல்நீரிலிருந்து உப்பைத் தடுத்த முதல் நல்ல சவ்வு, பருத்தியின் உறவில் பிறந்ததாகும். பருத்தி நாரின் மூலப்பொருளாகிய செல்லுலோஸை அசெட்டிக் அமிலச் சரக்கோடு சேர்த்தால் செல்லுலோஸ் அசிடேட் கிடைக்கும். புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ரீட், பிரெட்டன் இருவரும் 1959-இல் இந்த ஏடு உப்பைத் தடுப்பதை எடுத்துக்காட்டினர். ஆனால் அதன் வழியே நீர் சொட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அவ்வளவு மந்தம். அடுத்த ஓராண்டுக்குள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில் சிட்னி லோப் என்பவரும், நம் நாட்டிலிருந்து அங்கே சென்று ஆராய்ச்சி செய்த சௌரிராஜனும் ஒரு தந்திரம் கண்டனர். மேலே நுண்ணிய ஒரு தோலும், அதற்குக் கீழே துளைகள் மலிந்த தடித்த அடிப்பாகமும் ஒரே ஏட்டில் அமையும்படி அதை வார்த்தனர். தடுக்கும் வேலை அந்த மெல்லிய தோலுக்கு. தாங்கும் வேலை அடிப்பாகத்துக்கு. நீரோட்டம் பல மடங்கு பெருகிற்று. 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் ஊரில் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இம்முறையில் இயங்கத் தொடங்கியது. 1970-களில் கடோட்டி என்பவர் நைலானின் உறவுப் பொருளான பாலிஅமைடைக் கொண்டு இன்னும் மெல்லிய தோலை அமைத்தார். இன்று நம் சங்கங்களுக்கு விற்க வருபவை எல்லாம் ஏறக்குறைய அந்த வழி வந்தவையே. பாலியெஸ்டர் துணியை அடியில் விரித்து, அதன் மேல் துளையுள்ள பிளாஸ்டிக் ஏட்டைப் படியவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த நுண்தோலை உண்டாக்கி, நடுக்குழாயைச் சுற்றிப் பாவு உருளையில் பாவு சுற்றுவது போலச் சுற்றிவிடுகிறார்கள். 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ள ஓர் உருளைக்குள் சுமார் 37 சதுர மீட்டர் ஏடு அடங்கிவிடும்.

இந்த ஏட்டைச் சல்லடை என்று எண்ணுவது தவறு. மாவு சலிப்பது போலப் பெரியது நின்று சிறியது விழும் காரியமன்று இது. நீர் அந்தத் தோலில் கரைந்து, அதனுள் ஊர்ந்து, மறுபுறம் வெளிவருகிறது. உப்பு அதில் எளிதிற் கரைய மாட்டாது. ஆகவே அது பின்தங்குகிறது. நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர்விட்டுக்கொள்வதை வீட்டில் யாவரும் கண்டிருப்பர். நீர், தன் இயல்பில், உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கியே செல்லும். அதற்கு எதிர்த்திசையில் அதைத் தள்ள வேண்டுமானால் நாம் அழுத்தம் கொடுத்தாக வேண்டும். உப்பு மிகுதியாக ஆக அந்த அழுத்தமும் கூடும். கடல்நீரின் இயல்பான எதிர்ப்பு மட்டுமே ஏறக்குறைய 27 பார். அதாவது நாம் வாழும் காற்றின் அழுத்தத்தைப் போல் 27 மடங்கு. நடைமுறையில் கடல்நீருக்கு 55 முதல் 70 பார் வரை பம்பு தள்ளுகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னை நகருக்காக நடைபெறும் கடல்நீர் நிலையங்களில் நடப்பது இதுவே.

இனி, கணக்குக்கு வருவோம். கணக்கெழுதுபவர்களுக்குச் சவ்வைப் புரியவைப்பது எளிது. அது பேரேட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தொகையை மாற்றும் கருவி. தொகையை அது அழிப்பதில்லை.

நாளொன்றுக்கு 700 கிலோ நூலுக்குச் சாயமேற்றும் சங்கப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாயத்தொட்டியிலும் பின்பு அலசுவதிலுமாக 50,000 லிட்டர் நீர் வெளியேறுகிறது என்றும், லிட்டருக்குச் சராசரி 6 கிராம் உப்பு இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அன்றாடம் வெளியேறும் உப்பு 300 கிலோ. இயந்திரம் நூற்றுக்கு 85 பங்கு நீரை மீட்டுத் தரும் என்று விற்பனையாளர் கூறுவதை அப்படியே ஒப்புக்கொள்வோம். 42,500 லிட்டர் நல்ல நீர் மீண்டும் சாயத்தொட்டிக்குத் திரும்புகிறது. மென்னீராகையால் சாயமும் ஒழுங்காக ஏறும். அந்த அளவுக்கு ஆற்றிலும் ஆழ்குழாயிலும் நாம் கை வைக்க வேண்டுவதில்லை. இது சாமானிய லாபமன்று. ஆனால் மிச்சம் 7,500 லிட்டர் நிற்கிறது. ஏறத்தாழ அந்த 300 கிலோ உப்பும் அதிலேதான் இருக்கிறது. லிட்டருக்கு 40 கிராம்! கடல்நீரிலே சுமார் 35 கிராம்தான். ஆண்டுக்கு 300 நாள் பட்டறை ஓடினால் 90 டன் உப்பு சங்கத்தின் வாசலில் வந்து சேரும். பட்டறைக்காரர்கள் இதனை ரிஜெக்ட் தண்ணீர் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ரிஜெக்ட் என்றால் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது என்று பொருள். நாம் வேண்டாமென்று ஒதுக்கியதாலேயே அது இல்லாமற் போய்விடுமா?

மேற்படி 7,500 லிட்டரை அப்படியே வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. நொய்யல் நமக்குக் காட்டியிருக்கிறது. வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியே வந்து காவிரியிற் கலக்கும் அந்த ஆற்றில், பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு நீர் அதில் வந்து நிறைந்தது. அணையில் நீர் வேண்டுமென்று கேட்க வேண்டிய குடியானவர்கள், அந்த நீரைத் திறந்துவிட வேண்டாமென்று கேட்கும் விபரீதம் நேர்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு துளிக் கழிவும் வெளியேறாத முறையைப் பட்டறைகள் கைக்கொள்ள வேண்டுமென்று கெடு விதித்துத் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் குடியானவர்கள் பக்கமே பேசிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சவ்வு இயந்திரங்களும் வந்தன. இருந்தும் 2011 ஜனவரியில், உத்தரவு நிறைவேறவில்லையென்று கண்ட உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. வேலையிழந்தவர்கள் பட்ட பாட்டை நம் வாசகர்களில் பலர் நேரில் கண்டவர்கள்.

சவ்வு இருந்தும் ஏன் அந்த நிலை வந்தது? சவ்வு நீரை மீட்டுக் கொடுத்தது. மிஞ்சிய செறிந்த உப்பு நீரைக் காய்ச்சி உப்பாக்கும் பகுதியே தடுமாறியது. அது விலை மிகுந்தது, எரிபொருளை விழுங்குவது, அடிக்கடி உப்புப் படிந்து நிற்பது. பின்னர் அரசாங்கம் வட்டியில்லாக் கடன் வழங்கியும், தொழில்நுட்பத்தைத் திருத்தியும், உப்பு நீரையே மீண்டும் சாயத்தொட்டிக்குக் கொண்டுசெல்லும் வழியைக் கண்டும்தான் பட்டறைகள் படிப்படியாக மீண்டன. சாதாரண உப்பை விட்டுக் கிளாபர் உப்புக்குப் பலர் மாறியதும் இக்காரணத்தாலேயே. கிளாபர் உப்புக் கரைசலைக் குளிரச் செய்தால் உப்பு படிகமாகிப் பிரிந்துவிடும். அதைத் திரும்பவும் பயன்படுத்தலாம். கலப்பு உப்புக்கோ வாங்குவாரில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி மழைக்கு அஞ்சிக் காத்துக்கொண்டிருக்க வேண்டியதே. திருப்பூரின் பெரிய நிலையங்களே இத்தனை பாடுபட்டிருக்க, நாற்பது ஐம்பது தறிக்காரர்களின் சங்கம் இரண்டு வரித் தீர்மானத்தால் இதைத் தீர்த்துவிடலாமென்று நினைப்பதை என்னவென்று சொல்வது!

செறிந்த நீரை வெயிலில் உலர்த்திவிடலாம் என்பார் உளர். நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று கொண்டால், 7,500 லிட்டருக்கு 1,500 சதுர மீட்டர் பாத்தி வேண்டும். அதாவது 37 சென்ட். உப்பு ஏற ஏற ஆவியாவது குறையும் என்பதையும், ஐப்பசி கார்த்திகை மழையில் உலர்வதற்குப் பதில் பாத்தி நிரம்பும் என்பதையும் சேர்த்தால் ஓர் ஏக்கருக்குக் குறைந்து சரிப்படாது. அதுவும் கசியாத அடித்தளத்தோடு அமைக்கப்பட வேண்டும். கசியும் பாத்தி, வாய்க்காலில் விடுவதைவிட மோசம். யாருக்கும் தெரியாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். அடுப்பில் காய்ச்சுவதானால், ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். சாதாரணக் கொதிகலனில் அந்த 7,500 லிட்டருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை டன் விறகுக்கு மேல் ஆகும். ஒரு பாத்திரத்தின் ஆவியாலேயே அடுத்த பாத்திரத்தைக் காய்ச்சும் அடுக்குக் கொதிகலன்களில் இது மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கும். ஆனால் அவை சிறு சங்கத்தால் தனித்து வாங்கக்கூடியவை அல்ல. சவ்வின் அருமையையும் இங்கேதான் காண்கிறோம். அது இல்லாவிடில் 50,000 லிட்டரையும் காய்ச்ச வேண்டியிருக்கும். சவ்வோ கன மீட்டருக்கு இரண்டு மூன்று யூனிட் மின்சாரத்தில் பெரும்பகுதியைப் பிரித்துத் தந்துவிடுகிறது.

இதற்கு முன்னரே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. பல பட்டறைகளில் அதைச் செய்வாரில்லை. சாயத்தொட்டியிலிருந்து முதலில் வடியும் நீரில்தான் உப்பின் பெரும்பகுதி இருக்கிறது. கிலோவுக்குப் பத்து லிட்டர் வீதம் சாயமேற்றும் நம் உதாரணப் பட்டறையில் அது 7,000 லிட்டர்தான். பிறகு அலசும் 43,000 லிட்டரில் உப்பு சொற்பம். இரண்டையும் ஒரே கால்வாயில் விட்டுக் கலக்கிவிட்டுப் பின்பு இலட்சக்கணக்கில் செலவிட்டு அவற்றைப் பிரிப்பதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறது? நெல்லையும் பதரையும் தூற்றிப் பிரித்த பின் மறுபடி ஒன்றாகக் கொட்டுவாருண்டோ? இரண்டு குழாய், இரண்டு தொட்டி, ஒரு திருப்புக் குமிழ், இவ்வளவே செலவு. உப்பு நீரைத் தனியே பிடித்து, நிறம் நீக்கி, அளவு பார்த்து அடுத்த தொட்டிக்கு உபயோகிக்கலாம். சல்பேட்டைத் தடுத்துக் குளோரைடைப் பெரும்பாலும் விட்டுவிடும் நானோ வடிகட்டிச் சவ்வுகளும் இன்று உள்ளன. கிளாபர் உப்பைப் பயன்படுத்தும் பட்டறைகளுக்கு அவை உகந்தவை. அலசு நீரைச் சாதாரணச் சவ்வுக்கு அனுப்பினால், உப்பு குறைவாகையால் அழுத்தமும் குறையும், சவ்வும் நீண்ட நாள் உழைக்கும்.

சவ்வின் ஆயுளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நல்ல பராமரிப்பில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். சாயக்கழிவு நீரில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குமேல் எதிர்பார்ப்பது துணிச்சல். நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கம் ஒன்றில், வாங்கிப் பதினான்கு மாதத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. காரணம் விசாரித்தோம். தொட்டியில் பாசி பிடிக்கிறதென்று ஒருவர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். பாலிஅமைடுச் சவ்வுக்குக் குளோரின் விஷம். அந்த நுண்தோல் சிதைந்து, உப்பும் நீரும் வேற்றுமையின்றிப் புகத் தொடங்கிவிட்டன. ஊற்றியவர் மீது நாம் குறை காணவில்லை. அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இயந்திரத்தோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது; அது பீரோவில் பூட்டப்பட்டிருந்தது. ஐந்தொகையைப் பார்த்தால், அந்த இயந்திரம் முழுவதற்கும் கட்டடத்துக்குப் போல ஒரே வீதத்தில் தேய்மானம் போட்டிருந்தார்கள். பம்பும் இரும்புச் சட்டமும் பத்தாண்டு இருக்கலாம். சவ்வு அப்படிப்பட்டதன்று, அது சாணைக்கல்லைப் போல உபயோகத்தில் தேயும் பொருள். மாற்று வாங்கச் சங்கத்தில் ஒரு காசு ஒதுக்கப்படவில்லை. அங்கத்தினர்களுக்கோ அந்த ஆண்டு லாபப் பங்கு கொடுக்கப்பட்டிருந்தது! உண்மையில் அது லாபமன்று, சவ்வின் விலை.

ஆதலின் சவ்வு மாற்று நிதி என்ற தனித் தலைப்பு ஒவ்வொரு சங்கத்தின் பேரேட்டிலும் இருக்க வேண்டுமென்பது நம் உறுதியான கருத்து. கணக்குச் சுலபம். நம் உதாரணப் பட்டறைக்கு நான்கு அல்லது ஐந்து உருளைகள் தேவைப்படும். அவற்றின் இன்றைய விலையை, இரண்டரை ஆண்டில் சுத்திகரிக்கப்படும் நீரின் அளவால் வகுத்து, ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று சாயக்கூலியில் சேர்த்துப் பிடித்து, மாதந்தோறும் மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். கூலி சற்று ஏறும் என்று முணுமுணுப்பு எழலாம். எழட்டும். ஏறாத கூலியில் மூடிய பட்டறையைவிட, ஏறிய கூலியில் ஓடும் பட்டறை மேல்.

அதேபோல அன்றாடக் குறிப்பேடு ஒன்று வேண்டும். பம்பின் அழுத்தம், மணிக்கு எவ்வளவு நல்ல நீர் வருகிறது, அந்த நீரின் டி.டி.எஸ். எவ்வளவு என்ற மூன்று எண்களைக் காலையும் மாலையும் எழுதிவைப்பது படிப்பறிந்த எந்த இளைஞனுக்கும் இயலும். ஒரே அழுத்தத்தில் நீர் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து குறைந்தால் சவ்வில் அழுக்குப் படிகிறது, இரசாயனக் கழுவலுக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். டி.டி.எஸ். ஏறினால் சவ்வு கிழிகிறது அல்லது சிதைகிறது. முற்றிலும் அடைபட்ட பிறகு கழுவினால் பயனில்லை. விற்பனையாளர்கள் சொல்லும் 85, 90 என்ற விகிதங்களெல்லாம் புதுச் சவ்வின் முதல் மாதக் கதை. பதினெட்டாவது மாதத்தில் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். தர மறுப்பவரிடம் கொள்முதல் வேண்டாம்.

கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள், இது நெசவாளர் விஷயமென்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் இருக்க ஒரு குறிப்பு. கரும்புப் பாகுக்கழிவிலிருந்து வடிக்கும் எரிசாராயத்தை எத்தனை முறை வாலையில் வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்குமேல் செறிவாவதில்லை. அந்த நிலையில் நீரும் சாராயமும் ஒரே விகிதத்தில் ஆவியாவதால் வாலை கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிடும். பெட்ரோலோடு கலக்கவோ நீர் ஏறக்குறைய அறவே நீங்க வேண்டும். கோபர் தொங்கவிட்ட பையின் தத்துவம் இங்கே கைகொடுக்கிறது. பாலிவினைல் ஆல்கஹால் சவ்வின் ஒருபுறம் சூடான சாராயத்தை ஓடவிட்டு மறுபுறம் வெற்றிடம் உண்டாக்கினால், நீர் சவ்வில் ஊறி மறுபுறம் ஆவியாகிப் போய்விடும், சாராயம் தங்கும். அமெரிக்காவில் பின்னிங்கும் அவர் தோழர்களும் 1950-களில் எண்ணெய்த் தொழிலுக்காக இம்முறையைத் துருவி ஆராய்ந்தனர். 1980-களில் ஜெர்மானியர் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தனர். இன்று நம் நாட்டு எரிசாராய ஆலைகளில் பெரும்பாலும் மூலக்கூற்றுச் சல்லடை எனப்படும் வேறு முறையே வழக்கில் உள்ளது; பெரிய ஆலைக்கு அதுவே சிக்கனம் என்று கருதப்படுகிறது. கூட்டுறவு ஆலைகள் சவ்வு முறைக்குத் தாவ வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அங்கும் பிரிக்கப்பட்ட நீர், வாலையடிக் கழிவு ஆகியவற்றின் கணக்கைப் பங்குதாரராகிய கரும்பு விவசாயி கேட்க உரிமையுடையவர் என்பதே நாம் சொல்ல வந்தது.

மறுபடி நம் விஷயத்துக்கு வருவோம். சில நண்பர்கள், கழிவு நீரைக் குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகும் திட்டம் வரும், அதுவரை பொறுக்கலாம் என்கின்றனர். அத்தகைய யோசனைகள் பல காலமாகப் பேசப்பட்டு வருகின்றன. பேச்சை நம்பிப் பட்டறை நடத்த முடியாது. வெளியேறும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்ற வரம்பையே உப்புச் சாயமேற்றும் பட்டறை எதுவும் சவ்வின் துணையின்றி எட்டுவது அரிது. வேறு சிலர், ஆற்றில் வெள்ளம் வரும்போது சிறிது சிறிதாகத் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று இரகசியமாகக் கேட்கின்றனர். வயலுக்குத் தெரியும். உப்பிலுள்ள சோடியம் கரிசல் மண்ணில் ஏறினால் மண்ணின் பொலபொலப்பு அழிந்து, நனைந்தால் களியாகவும் காய்ந்தால் கட்டாந்தரையாகவும் மாறிவிடும். ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சிக் கழுவி அதை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும். கழுவுவதற்கு வேண்டிய நல்ல நீர் எங்கே இருக்கிறது? தென்னை ஓரளவு தாங்கும். மஞ்சளும் வாழையும் தாங்கா.

இந்தப் பத்திரிகையை நெசவாளரும் குடியானவரும் சேர்ந்து படிக்கிறார்கள். பல ஊர்களில் ஒரே குடும்பத்தில் அண்ணன் தறியிலும் தம்பி வயலிலுமாக இருக்கிறார்கள். ஆகையால் பட்டறையின் குறிப்பேட்டை அடுத்த ஊர் வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் மாதம் ஒருமுறை பார்வையிட்டுக் கையொப்பமிடலாம் என்று யோசனை கூறுகிறோம். ஒரு நெசவாளர் சங்கத்தின் தலைவரிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் புத்தகத்தை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். உங்கள் உப்பை அவர்கள் கிணற்றில் பார்ப்பதற்கு முன்பு புத்தகத்தில் பார்ப்பது நல்லதல்லவா என்றோம். அவர் சிரித்தார்; ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

தனித்தனியே சிறு இயந்திரங்களை வாங்குவதைவிட, அருகருகே உள்ள நான்கைந்து சங்கங்கள் ஒன்று சேர்ந்து, சவ்வை அவரவர் பட்டறையில் வைத்துக்கொண்டு, செறிந்த நீரைக் காய்ச்சும் கொதிகலனை மட்டும் பொதுவில் நிறுவுவது நம் மாவட்டங்களுக்குப் பொருந்தும் என்று கருதுகிறோம். 50,000 லிட்டரை வண்டியில் ஏற்ற முடியாது. 7,500 லிட்டரை ஒரு டாங்கர் லாரி ஏற்றிவிடும். பங்கை, சங்கத்தின் அங்கத்தினர் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்காமல், அனுப்பும் உப்பின் எடையைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். உப்பைக் குறைத்துச் சாயமேற்றக் கற்றுக்கொள்ளும் சங்கத்துக்குச் செலவும் குறையும். நூலுக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தைக் குறைத்தாலே உப்பு கணிசமாகக் குறைந்துவிடும் என்பதைப் பட்டறை மேஸ்திரிகள் அறிவார்கள்.

வருடாந்தரப் பேரவைக் கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பும் காலம் இது. சவ்வு இயந்திரம் வாங்க உத்தேசிக்கும் சங்கங்கள், இயந்திரத்தின் விலையோடு செறிந்த நீர் சென்று சேருமிடம், அதற்கு ஆண்டுக்கு ஆகும் செலவு, சவ்வு மாற்று நிதிக்குப் பிடிக்கும் வீதம் ஆகிய மூன்றையும் அதே தீர்மானத்தில் எழுதி முன்கூட்டியே அங்கத்தினர்களுக்கு அனுப்புதல் நலம். அவை இல்லாத தீர்மானம் பேரவையில் வந்தால், எந்த அங்கத்தினரும் எழுந்து நின்று அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும்படி கோரலாம், தயங்க வேண்டுவதில்லை.